மார்த்தாஸ் ரூல்: வார்டுல புள்ளைக்கு மோசமாகுதுன்னு தோணினா வேற டீமை நீங்களே கூப்பிடலாம்

இங்கிலாந்துல இருக்கற நம்ம ஆளுங்களுக்காக இதை எழுதறேன். புள்ளைய ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணியாச்சு, ட்ரிப்ஸ் போகுது, மருந்து போகுது, ஆனா நேத்தைக்கு இருந்ததை விட இன்னைக்கு இன்னும் துவண்டு கெடக்கு, கேட்டா "நாங்க பாத்துட்டு தான் இருக்கோம்"னு சொல்றாங்க, உங்களுக்கு மனசு ஒப்ப மாட்டேங்குது. அந்த நேரத்துல உங்க வார்டு டீம்ல இல்லாத வேற ஒரு டீமை, தீவிர சிகிச்சை அனுபவம் உள்ளவங்களை, நீங்களே போன் போட்டு வரச்சொல்லலாம். பகலோ ராத்திரியோ பேங்க் ஹாலிடேயோ, எப்ப வேணா. அதுக்கு பேரு தான் மார்த்தாஸ் ரூல். பார்லிமென்ட் போட்ட சட்டம் இல்ல இது, அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் இங்கிலாந்து கொண்டு வந்த ஏற்பாடு. 2024ல முதல்ல 143 ஆஸ்பத்திரியில ஆரம்பிச்சாங்க, 2025 செப்டம்பர்ல இங்கிலாந்துல உள்ள எல்லா அக்யூட் (திடீர் நோய், விபத்துக்கு சிகிச்சை தர்ற) ஆஸ்பத்திரிக்கும் வந்தாச்சுன்னு அறிவிச்சாங்க. பெரியவங்களுக்கும் உண்டு, ஆனா ஆரம்பிச்சது ஒரு புள்ளையால தான்.

மார்த்தா மில்ஸ்க்கு 13 வயசு. 2021ல வேல்ஸ்க்கு லீவுக்கு போன இடத்துல சைக்கிள்ல இருந்து விழுந்து ஹேண்டில்பார் வயித்துல குத்தி கணையத்துல அடி. லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க, அங்க செப்சிஸ் வந்துச்சு, அதாவது கிருமித் தொற்றுக்கு உடம்பு தாறுமாறா எதிர்வினை காட்டி உறுப்புகளையே பாதிக்கறது. அம்மா மெரோப் மில்ஸ் திரும்ப திரும்ப சொல்லியிருக்காங்க, பேங்க் ஹாலிடே வீக்கெண்ட் வருதே, இவளுக்கு செப்டிக் ஷாக் (செப்சிஸ் முத்தி பிபி எறங்கறது) ஆயிடுமோன்னு பயமா இருக்குன்னு. ஐசியுவுக்கு சரியான நேரத்துல மாத்தல. ஆகஸ்ட் 31ல அந்த பொண்ணு போயிட்டா, 14வது பிறந்தநாளுக்கு சில நாள் தான் இருந்துச்சு. முன்னாடியே ஐசியுவுக்கு கொண்டு போயிருந்தா பெரும்பாலும் பொழைச்சிருப்பான்னு 2022ல கொரோனர், அதாவது சாவுக்கு காரணத்தை விசாரிக்கற அதிகாரி, சொல்லிட்டாங்க. அந்த அம்மா அப்பா விடாம பேசினதால தான் இன்னைக்கு நமக்கு இந்த போன் நம்பர் இருக்கு.

வார்டுல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டா எப்ப கூப்பிடணும்னு தெரியும். நர்ஸ் சில மணி நேரத்துக்கு ஒரு தடவ வந்து பாக்கறதை ஆப்ஸ்னு சொல்வாங்க. மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை, மூச்சு விட கஷ்டப்படுதா, ஆக்சிஜன், ஹார்ட் ரேட், பிபி, முழிச்சு பேசுதான்னு எல்லாம் குறிச்சு மார்க் போடறாங்க, அதான் பியூஸ் ஸ்கோர். நெஞ்சு மேல விரலை வெச்சு அஞ்சு செகண்ட் அழுத்திட்டு எடுப்பாங்க பாருங்க, வெளுத்த இடத்துல ரெண்டு செகண்ட்ல நெறம் திரும்பணும், அதுக்கு மேல ஆனா ரத்த ஓட்டம் சரியில்லாம இருக்கலாம். ஸ்கோர் ஏற ஏற, சீனியர் நர்ஸ், ரெஜிஸ்ட்ரார் (அனுபவமுள்ள டாக்டர்), கன்சல்டன்ட் (தலைமை டாக்டர்)னு மேல தகவல் போகணும். 2023 நவம்பர்ல இங்கிலாந்து முழுக்க ஒரே மாதிரி சார்ட் கொண்டு வந்தாங்க, அதுல அப்பா அம்மாவுக்கு கவலை இருக்கான்னு ஒரு இடம் இருக்கு. நீங்க கவலையா இருக்கேன்னு சொன்னா, நம்பர் எல்லாம் நல்லா இருந்தா கூட, அதை வெச்சே மேல சொல்ல வேண்டியது அவங்க பொறுப்பு. ஆப்ஸ் எடுக்க வரும்போது "நான் போன தடவ பாத்ததுக்கு இப்ப எப்படி இருக்கான்"னு கேட்டா சும்மா "ஓகே"ன்னு சொல்லி விட்டுடாதீங்க, உள்ளதை சொல்லுங்க.

ஏன்னா புள்ளைங்க உடம்பு ரொம்ப நேரம் தாக்கு பிடிக்கும், ஹார்ட் வேகமா அடிச்சு பிபியை அப்படியே வெச்சிருக்கும், கடைசியில தான் பிபி சட்டுனு எறங்கும், அதனால பிபி நார்மல்னு சொன்னாங்கங்கறதுக்காக நிம்மதி ஆயிடக் கூடாது. அதுக்கு முன்னாடியே தெரியறது பெத்தவங்க கண்ணுக்கு தான். எழுப்பினா சரியா முழிக்கல, அழுகை மாறிடுச்சு, கை கால் ஜில்லுனு இருக்கு, மூச்சு வேகமா வாங்குது, யூரினே போகல, இதெல்லாம் நீங்க தான் பக்கத்துலயே உக்காந்து பாக்கறீங்க. இன்னொண்ணு, நம்ம நெறத்துல வெளுப்போ நீலமோ தோல்ல சட்டுனு தெரியாது. உதடு உள்பக்கம், நாக்கு, ஈறு, நகம், உள்ளங்கை, உள்ளங்கால் பாருங்க, வித்தியாசம் தெரிஞ்சா நர்ஸையும் அங்க பாக்கச் சொல்லுங்க.

இந்த ரூல்ல மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு, தெனமும் ஒரு தடவயாவது பேஷன்ட்கிட்டயும் வீட்டுக்காரங்ககிட்டயும் எப்படி இருக்குன்னு முறையா கேட்டு எழுதணும். அடுத்தது, வார்டுல வேலை செய்யற யாரா இருந்தாலும், ஜூனியர் நர்ஸா இருந்தா கூட, தன் டீம் முடிவு சரியில்லன்னு தோணினா வேற டீம்கிட்ட கேக்கலாம். மூணாவது தான் நமக்கு, அதே வழி குடும்பத்துக்கும் 24 மணி நேரமும் தொறந்திருக்கணும்.

எப்படி பண்றது? முதல்ல பக்கத்துல இருக்கற நர்ஸ்கிட்டயும் அப்புறம் நர்ஸ் இன் சார்ஜ்கிட்டயும் சொல்லுங்க, பாதி விஷயம் அங்கயே தீரும். "ஐ ஆம் வெரி வொரிட், ஹி இஸ் கெட்டிங் வொர்ஸ்"னு நேரா சொன்னா போதும், சுத்தி வளைக்க வேணாம். "கொஞ்சம் டயர்டா இருக்கான்"னு நாம மரியாதைக்கு இழுத்து பேசறது அவங்க காதுல பெரிய விஷயமில்லன்னு தான் விழும். நேத்து தோசை கேட்டு அழுதவன் இன்னைக்கு தண்ணி கூட வேணாங்கறான்னு, என்ன மாறிச்சோ அதை சொல்லுங்க. அப்பவும் சரியா வரலன்னா, இல்ல காத்திருக்க நேரமில்லன்னு தோணினா, "ஐ வாண்ட் எ மார்த்தாஸ் ரூல் ரிவ்யூ"னு சொல்லுங்க, இல்லன்னா நீங்களே நம்பருக்கு அடிங்க. நம்பர் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேற, வார்டு செவுத்துல போஸ்டர்ல போட்டிருப்பாங்க, அட்மிட் ஆன அன்னைக்கே போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. பேரு, வார்டு, பெட் நம்பர், என்ன கவலை, அவ்வளவு தான் கேப்பாங்க. இங்கிலீஷ் தடுமாறினா தமிழ் இன்டர்ப்ரெட்டர் கேளுங்க, என்ஹெச்எஸ்ல அதுக்கு காசு கிடையாது, போன்லயே கூட புடிச்சு குடுப்பாங்க. பத்து வயசு அண்ணனையோ அக்காவையோ வெச்சு மொழிபெயர்க்க வைக்காதீங்க, பாவம் அந்த புள்ளைங்க, அதுவும் பயந்து போயிருக்கும்.

வர்றது பெரும்பாலும் கிரிட்டிக்கல் கேர் அவுட்ரீச் டீம், ஐசியு அனுபவம் உள்ள நர்ஸுங்க, தேவைன்னா டாக்டர். புள்ளைய புதுசா பாத்து, சார்ட்டை பொரட்டி, வார்டு டாக்டர்கிட்டயும் பேசி, ஒண்ணு இப்ப இருக்கற ட்ரீட்மென்ட் சரின்னு உங்களுக்கு புரியற மாதிரி சொல்வாங்க, இல்ல மருந்தை மாத்தச் சொல்வாங்க, இல்ல ஐசியுவுக்கு ஏற்பாடு பண்ணச் சொல்வாங்க. நெறைய ஆஸ்பத்திரியில குழந்தைங்க ஐசியு கிடையாது, அப்ப கன்சல்டன்ட் ட்ரான்ஸ்போர்ட் டீமை கூப்பிடுவார், லண்டன்ல தேம்ஸ் ஆத்துக்கு வடக்கே கேட்ஸ்ங்கற டீம், தெக்கே எஸ்டிஆர்எஸ்ங்கற டீம். அவங்க வெறும் ஆம்புலன்ஸ் இல்ல, டாக்டர் நர்ஸ் வென்டிலேட்டரோட வந்து, அங்கயே புள்ளைய நிலைப்படுத்திட்டு தான் கூட்டிட்டு போவாங்க. அதுக்கே சில மணி நேரம் ஆகலாம், அதனால தான் சீக்கிரம் சொல்றது இவ்வளவு முக்கியம்.

டாக்டர் கோவிச்சுக்குவாரோ, அப்புறம் புள்ளைய சரியா பாக்க மாட்டாங்களோன்னு நம்மாளுங்க ரொம்ப யோசிக்கறாங்க. விசாவுக்கு ஏதாவது ஆகுமோன்னு கூட சிலர் பயப்படறாங்க, அதுக்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. இது கம்ப்ளெயின்ட் கிடையாது, யார் மேலயும் குத்தம் சொல்றது கிடையாது, அவங்களே வெச்சிருக்கற வழி. 2024 செப்டம்பர்ல இருந்து 2025 ஜூன் வரைக்கும் கிட்டத்தட்ட 4,900 கால் வந்திருக்கு, அதுல 241 தடவ உயிரைக் காப்பாத்தியிருக்கக் கூடிய சிகிச்சை மாற்றம் நடந்திருக்குன்னு என்ஹெச்எஸ் சொல்லுது. மத்த கால் எல்லாம் வீண்னு அர்த்தமில்ல, பல வீட்டுக்காரங்களுக்கு அப்ப தான் ஒருத்தர் உக்காந்து ஒழுங்கா வெளக்கம் சொல்லியிருக்காங்க.

சாப்பாடு சரியில்ல, டிஸ்சார்ஜ் லேட் ஆகுது, ஒரு நர்ஸ் மரியாதையில்லாம பேசினாங்க, இதுக்கெல்லாம் இந்த நம்பர் இல்ல, அதுக்கு ஆஸ்பத்திரியிலயே பால்ஸ்ங்கற நோயாளிகள் உதவி ஆபீஸ் இருக்கு. வீட்டுல இருக்கும்போது மோசமானா 999 (ஆம்புலன்ஸ்), சந்தேகமா இருந்தா 111 (என்ஹெச்எஸ் ஆலோசனை லைன்).

வேல்ஸ்ல கால் ஃபார் கன்சர்ன்ங்கற பேருல இதே மாதிரி உண்டு, அந்த பேரு மார்த்தாஸ் ரூலுக்கு பல வருஷம் முன்னாடியே ரெடிங் ராயல் பெர்க்ஷயர் ஆஸ்பத்திரியில ஆரம்பிச்சது. ஆஸ்திரேலியாவுல குவீன்ஸ்லாந்துல சொந்தக்காரங்க இருந்தா அவங்களுக்கும் சொல்லுங்க, அங்க ரயன்ஸ் ரூல். 2007ல ராக்ஹாம்ப்டன்ல ரயன் சாண்டர்ஸ்ங்கற மூணு வயசு கூட ஆகாத பையன் ஸ்ட்ரெப்ங்கற பாக்டீரியா தொற்றை கண்டுபிடிக்காம விட்டதுல இறந்தான், அதுக்கப்புறம் 2013ல கொண்டு வந்தாங்க. அங்க நர்ஸ் இல்ல டாக்டர், அப்புறம் நர்ஸ் இன் சார்ஜ், அதுக்கும் மேல 13 43 25 84க்கு அடிச்சு ரயன்ஸ் ரூல் ரிவ்யூ வேணும்னு கேக்கணும்.