மகாதமனிச் சுருக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவர்களுக்கு: பி.பி.யை வலது கையில் பாருங்கள்

பிறவியிலேயே மகாதமனி (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) சுருங்கியிருந்து, சின்ன வயதில் ஆபரேஷன் ஆனவர்கள் பெரியவர்களாகி எங்கள் ஓ.பி.க்கு வரும்போது, "அதான் அப்பவே சரி பண்ணிட்டாங்களே டாக்டர்" என்பார்கள். சுருங்கிய இடம் சரியானது உண்மைதான். அதற்குப் பிறகும் பலருக்கு பி.பி. ஏறுகிறது, அது மூளையின் ரத்தக்குழாய்களையும் பாதிக்கலாம்.

சுருக்கம் வழக்கமாக, தலைக்கும் கைகளுக்கும் கிளைகள் பிரிந்த இடத்தைத் தாண்டி இருக்கும். அதனால் மேல் உடம்பில் அழுத்தம் எகிறும், காலில் குறையும். போதாக்குறைக்கு, இவர்களுடைய ரத்தக்குழாய்ச் சுவரே இயல்பைவிடப் பலவீனமானது என்று கருதப்படுகிறது.

மூளை ரத்தக்குழாயில் ஓரிடம் பலூன்போல் உப்புவதை அனியூரிசம் என்கிறோம். பொதுவாகப் பெரியவர்களில் 100 பேரில் 2, 3 பேருக்கு இது இருக்கும். மகாதமனிச் சுருக்கம் உள்ள பெரியவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில் 100 பேரில் ஏறத்தாழ 10 பேருக்கு இருந்தது. பெரும்பாலானவை சிறியவை, வெடிக்காமலே இருந்துவிடும். ஆனால் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

எல்லாருக்கும் ஸ்கேன் வேண்டுமா? டாக்டர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. என்னைக் கேட்டால், பி.பி. கட்டுக்குள் வராதவர்கள், புகைபிடிப்பவர்கள், குடும்பத்தில் யாருக்காவது மூளையில் அனியூரிசம் வெடித்திருந்தால் அவர்கள், ஒருமுறை எம்.ஆர். ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுத்துவிடலாம். இதில் கதிர்வீச்சு கிடையாது. மூளைக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் மருந்து ஏற்றாமலே எடுக்கலாம். மகாதமனியில் ஸ்டென்ட் இருந்தால் ஸ்கேன் சென்டரில் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஸ்கேனைவிட நான் அதிகம் வற்புறுத்துவது பி.பி.யைத்தான். எப்போதும் வலது கையில் பாருங்கள். சில ஆபரேஷன்களில் இடது கைக்குப் போகும் குழாயையே எடுத்துச் சுருக்கத்தை விரிவாக்கியிருப்பார்கள். அந்தக் கையில் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும், 'நார்மல்' என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுவீர்கள். உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்து, நடந்தால், படியேறினால் எகிறுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு 24 மணி நேர பி.பி. பதிவு உதவும். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் அதற்கு முன்பே இதயநோய் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

திடீரென்று, இதுவரை வராத அளவுக்குத் தலைவலி, கூடவே வாந்தி, கழுத்து இறுக்கம், மயக்கம் என்று வந்தால் மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும், சின்ன வயதில் மகாதமனிக்கு ஆபரேஷன் ஆனதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.