நுண்ணீர்ப்பா, நுண்ணெடையா? 'மைக்ரோகிராவிட்டி'க்குப் பொருந்தும் தமிழ்ச் சொல்

பன்னாட்டு விண்வெளி நிலையத்தைப் பற்றிய செய்தி எதுவானாலும், அங்கே ஆளும் பொருளும் மிதக்கும் நிலையைக் குறிக்கும் 'மைக்ரோகிராவிட்டி' என்ற சொல் கூடவே வரும். தமிழில் இதை நுண்ணீர்ப்பு என்கிறோம். பூஜ்ய ஈர்ப்பு என்றும், 'புவியீர்ப்பு இல்லாத இடம்' என்றும்கூட எழுதுகிறோம். மூன்றிலும் உள்ள பிழை ஒன்றுதான். அங்கே ஈர்ப்பு நுண்ணியதும் அல்ல, பூஜ்யமும் அல்ல.

கணக்குப் போட்டாலே தெரியும். பூமியின் ஆரம் 6371 கி.மீ. நிலையம் பறப்பது சுமார் 400 கி.மீ. உயரத்தில். ஈர்ப்பு, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். 6371-ஐ 6771-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.885 வரும். தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறக்குறைய 89 விழுக்காடு அங்கேயும் இருக்கிறது. அந்த இழுப்பு மட்டும் இல்லையென்றால், நொடிக்கு 7.66 கி.மீ. வேகத்தில் போகும் நிலையம் நேர்கோட்டில் பூமியை விட்டே போய்விடும். நிலையம் நொடிக்கு 4.3 மீட்டர் அளவு பூமியை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறது. பக்கவாட்டு வேகத்தால் தரை எட்டாமலே வளைந்து போகிறது. ஆளும் பல்துலக்கியும் சுவரும் ஒரே சீராக விழுவதால், தரைத்தளம் காலைத் தாங்குவதில்லை. தாங்குதல் இல்லையென்றால் எடைக்கருவி காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே அங்கே இல்லாமல் போவது எடை.

இங்கேதான் சொல்லின் வேரைப் பார்க்க வேண்டும். 'மைக்ரோ', சிறியது என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அளவியலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 'கிராவிட்டி'யின் மூலம் லத்தீனின் 'கிராவிஸ்', அதாவது கனமான. அதிலிருந்து வந்த 'கிராவிடாஸ்' என்றால் கனம், பளு. 1687-இல் வெளியான தம் லத்தீன் நூலில் நியூட்டன் எடுத்தாண்டதும் இந்தச் சொல்லைத்தான். வேரில் இழுப்பு என்ற பொருளே இல்லை. நாம் விளைவை விட்டுவிட்டுக் காரணத்தைப் பெயராக்கி 'ஈர்ப்பு' என்றோம். ஈர் என்றால் இழு. இயற்பியல் பாடத்துக்கு அது அருமையான சொல். புவியீர்ப்பு, ஈர்ப்பு அலை என எங்கும் பொருந்துகிறது. மைக்ரோகிராவிட்டியில் மட்டும் இடறுகிறது. 'நுண்ணீர்ப்பு' என்று படிக்கும் மாணவர், மேலே போனால் பூமி இழுக்காது என்றே நினைத்துக்கொள்வார்.

'நுண்ணெடை' என்றால் இந்தச் சிக்கல் வராது. எடை, 'எடு' என்ற வினையில் பிறந்தது. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்னும் பழைய நால்வகை அளவைகளில் எடுத்தல் என்பது எடை போடுவது. தூக்கும்போது கை உணரும் பாரத்தைச் சொல்லும் சொல் அது. நிலையத்தில் கை உணராமல் போவதும் அந்தப் பாரத்தைத்தான்.

எடை போனால் வேறு என்னென்ன போகும்? சூடான காற்று மேலே எழாது. அதனால் மெழுகுவத்திச் சுடர் நீண்டு நிற்காமல் நீல உருண்டையாகிறது. காற்றோட்டம் இல்லாத மூலையில் தூங்கினால் வெளிவிட்ட கார்பன்டைஆக்சைடு முகத்தருகே தேங்கி, தலைவலி வரும். தூங்கும் அறையில் விசிறி ஓடியாக வேண்டும். தண்ணீரும் காற்றும் தாமாகப் பிரியாது, சுழற்றித்தான் பிரிக்க வேண்டும். 2013 ஜூலை 16 அன்று இத்தாலிய வீரர் லூக்கா பர்மிட்டானோ விண்நடையில் இருந்தபோது, அவருடைய உடையில் இந்த வேலையைச் செய்யும் விசிறி-பம்பு-பிரிப்பானின் சிறு துளைகள் மாசு படிந்து அடைத்துக்கொண்டன. குளிர்விக்கும் நீர் காற்றுக் குழாய் வழியே தலைக்கவசத்துக்குள் வந்தது. தரையாக இருந்தால் அது கழுத்துக்குக் கீழே வடிந்திருக்கும். அங்கே ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட நீர், பரப்பு இழுவிசையால் தலையிலும் முகத்திலும் ஒட்டிப் படர்ந்து கண்ணையும் மூக்கையும் மூடியது. விண்நடையைப் பாதியில் நிறுத்திவிட்டு, காப்புக் கயிற்றைப் பிடித்துத் தடவித் தடவியே அவர் உள்ளே திரும்பினார்.

சரி, 'எடையின்மை' என்றே சொல்லிவிடலாமே? அன்றாடப் பேச்சுக்கு அதுவே போதும், அழகாகவும் இருக்கிறது. ஆய்வுக்கு 'நுண்' வேண்டும், ஏனென்றால் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. அந்த உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. அது நிலையத்தைச் சற்றே பின்னிழுக்கிறது. நிலையத்தின் நிறைமையத்திலிருந்து மேலே அல்லது கீழே ஒவ்வொரு மீட்டர் தள்ளி நிலையாகப் பொருத்திய கருவியும், தரை ஈர்ப்பு முடுக்கத்தில் பத்து லட்சத்தில் 0.4 பங்கு அளவுக்கு இழுபடுகிறது. பம்புகள், விசிறிகள், ஓடுபொறியில் ஓடும் கால்கள் இவற்றின் அதிர்வு இதைவிடப் பெரிது. அதனால்தான் ஓடுபொறியை அதிர்வு கடத்தாத தாங்கியில் பொருத்துகிறார்கள். சுற்றுப்பாதையை உயர்த்த உந்துபொறி இயங்கும்போது மிதக்கும் பொருள்கள் மெல்லப் பின்பக்கம் நகரும். புரதப் படிகம் வளர்ப்பவருக்கு இந்த மிச்சம்தான் பெரிய தலைவலி.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு, எடை என்பது அதன் மேல் செயல்படும் விசை. இலங்கைப் பாடநூலில் முன்னது திணிவு, பின்னது நிறை. எடைபோடுவதைக் குறிக்கும் 'நிறுத்தல்' என்ற வினையை நினைத்தால் இலங்கை வழக்கு வேருக்கு நெருக்கமானது. ஆனால் 'நிறையின்மை' என்று எழுதினால் யாழ்ப்பாணத்தில் சரி, மதுரையில் தவறு. எடை இரு கரையிலும் புரியும்.

நிலையத்தில் திணிவு (தமிழ்நாட்டு வழக்கில் நிறை) துளியும் குறைவதில்லை. 50 கிலோ சரக்குப் பையை ஒரு விரலால் நகர்த்தலாம். வேகம் பிடித்தபின் நிறுத்தப் பார்த்தால், சுவருக்கும் பைக்கும் இடையே கை நசுங்கும். உடல் திணிவை அளக்கவும், வேகம் மாற மறுக்கும் இந்தத் தயக்கமே உதவுகிறது. ஒரு கருவி, ஆளை மாறாத விசையில் இழுத்து, கிடைத்த முடுக்கத்தால் விசையை வகுக்கிறது. ரஷ்யப் பகுதியில் உள்ளதில் ஆள் சுருள்வில்லோடு சேர்ந்து ஆடுவார். திணிவு கூடினால் ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரமும் கூடும். இரண்டிலும் உடலை விறைப்பாக வைத்துக்கொள்ள வேண்டும், தளர்ந்தால் அளவு பிசகும்.

செய்தியில் 'எடையற்ற நிலை' என்றும், ஆய்வுக் கட்டுரையில் 'நுண்ணெடைச் சூழல்' என்றும் எழுதலாம்.