போர்பன்: சுவை ஏறும் மாடி

போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியை வடிக்கும் கென்டக்கி மாநில வடிசாலைகளைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் செப்பு வடிகலத்தின் முன்தான் அதிகம் படம் எடுக்கிறார்கள். வடிகலத்திலிருந்து இறங்கும் சாராயமோ தண்ணீர்போல நிறமற்றது. நிறம் முழுவதும், சுவையில் பெரும்பங்கும் பிறகு பீப்பாயில் சேர்பவை.

தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மீதி ரை என்ற தானியம் அல்லது கோதுமை, கொஞ்சம் மால்ட் (முளைவிட வைத்து உலர்த்திய) பார்லி. மக்காச்சோள மாவைக் கிட்டத்தட்ட கொதிநிலையில் வேகவைத்து, ஆறவிட்டு, சுமார் 65 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதும் மால்ட்டைச் சேர்க்கிறார்கள். அவசரப்பட்டுச் சூட்டிலேயே கொட்டினால் மால்ட்டின் நொதிகள் செயலிழந்துவிடும். மாவுச்சத்து சர்க்கரையாக மாறாது, ஈஸ்ட்டுக்கு உணவிருக்காது. முந்தைய வடிப்பில் மிஞ்சிய புளித்த நீரையும் கொஞ்சம் ஊற்றுவார்கள். அதன் அமிலம் வேண்டாத பாக்டீரியாக்களை அடக்கும். மூன்று முதல் ஐந்து நாள் நொதித்தால் ஆல்கஹால் 8 முதல் 10 சதவீதத்தை எட்டும். தொட்டிமேல் குனிந்து முகர வேண்டாம். கரியமில வாயு மூக்கைச் சுரீரெனத் தாக்கும்.

வடிகலத்தின் செம்பு கந்தகச் சேர்மங்களைப் பிடித்துக்கொள்கிறது. 80 சதவீத ஆல்கஹாலுக்கு மேல் வடிக்கக் கூடாது. வடித்தால் தானியத்தின் மணம் போய்விடும்.

பிறகு நீர் கலந்து 62.5 சதவீதத்துக்கு மேற்படாமல், உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாயில் நிரப்புகிறார்கள். வழக்கமான பீப்பாய் சுமார் 200 லிட்டர் கொள்ளும். அதைக் கருக்கும் நெருப்புக்குப் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. கரிப்படலம் சாராயத்தின் கரடுமுரடை வடிகட்டும். அதற்கு அடியில் சூடுபட்ட மரத்தில் ஹெமிசெல்லுலோஸ் என்ற மரப்பொருள் உடைந்து கருகிய சர்க்கரையின் இனிப்பும், லிக்னின் என்ற இன்னொன்று உடைந்து வெனிலா மணம் தரும் வெனிலினும் தயாராக இருக்கும். கோடையில் சாராயம் விரிந்து மரத்துக்குள் ஊறும், குளிரில் சுருங்கி வெளியே வரும்.

பல அடுக்குக் கிடங்கில் மேல்மாடிதான் அதிகம் சூடாகும். அங்கே ஆல்கஹாலைவிட நீர் வேகமாக ஆவியாவதால் சாராயத்தின் வீரியம் ஆண்டுதோறும் ஏறும், அளவு குறையும். மிக நீண்ட காலம் விட்டால் மரத்தின் துவர்ப்புப் பொருளான டானின் மிகுந்து மரத்துண்டை மென்றதுபோலக் கசக்கும். கீழ்த்தளத்தில் முதிர்வு நிதானமானது. ஒரே நாளில் நிரப்பிய இரு பீப்பாய்கள் வேறுவேறு சுவைக்குப் போவது இதனால்தான். மேக்கர்ஸ் மார்க் என்ற வடிசாலை பீப்பாய்களை மேலிருந்து கீழே இடம் மாற்றுகிறது. ஃபோர் ரோஸஸ் வடிசாலை ஒற்றைத் தளக் கிடங்குகளையே வைத்திருக்கிறது. பல வடிசாலைகள் வெவ்வேறு மாடிப் பீப்பாய்களைக் கலந்து சமன்செய்கின்றன.

வெறும் போர்பனுக்குக் குறைந்தபட்ச வயது கிடையாது. லேபிளில் 'ஸ்ட்ரெய்ட்' என்று இருந்தால் இரண்டு ஆண்டாவது ஆகியிருக்கும். நான்குக்குக் குறைவென்றால் வயதை அச்சிட்டாக வேண்டும். காலியான பீப்பாயில் மறுபடி போர்பன் ஊற்ற முடியாது என்பதால் அவற்றில் ஏராளமானவை ஸ்காட்லாந்து விஸ்கிக்காரர்களிடம் போகின்றன.