வலி போய்விட்டது, முட்டி மட்டும் நழுவுகிறதா?

"வலியெல்லாம் இல்ல சார், சட்டுனு திரும்புனா முட்டி கழண்டுக்குது." கபடி, வாலிபால் ஆடும் பையன்கள் பிசியோதெரபிக்கு வந்ததும் சொல்வது பெரும்பாலும் இதுதான். வீட்டில் இருப்பவர்களுக்கு இது விளங்காது, வலிதான் இல்லையே, அப்புறம் என்ன என்பார்கள்.

பெரும்பாலும் நடந்தது இப்படி இருக்கும்: குதித்து இறங்கும்போது முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முறியவில்லை என்று வரும் (கிழிந்தது முட்டி எலும்புகளைப் பிணைக்கும் ஜவ்வாக இருக்கலாம், அது எக்ஸ்ரேயில் தெரியாது!), எண்ணெய்க் கட்டுப் போட்டு ரெண்டு மூணு வாரத்தில் வீக்கம் வடிந்ததும் நேராக நடக்க முடியும், உடனே மைதானத்துக்குப் போய்விடுவார்கள்.

இப்படி வருபவரைப் படுக்க வைத்து முட்டியை 20–30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையை இறுக்கிப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்போம். இதற்கு லாக்மன் பரிசோதனை என்று பெயர். கீழ்க்கால் முன்னால் நழுவாமல் பிடித்திருக்கும் ஏசிஎல் எனும் ஜவ்வு நன்றாக இருந்தால் கீழ்க்கால் துளி நகர்ந்து கறாராக நின்றுவிடும். கிழிந்திருந்தால் அந்த நிற்கும் இடமே கைக்குத் தட்டுப்படாது. நல்ல காலையும் இழுத்துக் காட்டினால் கூட வந்த அப்பாவுக்கே வித்தியாசம் தெரிந்துவிடும். மிச்சத்தை எம்ஆர்ஐ சொல்லும்.

ஒவ்வொரு முறை நழுவும்போதும் உள்ளே மெத்தையாக இருக்கும் மெனிஸ்கஸ் நசுங்கிக் கிழியலாம், குருத்தெலும்பும் தேயலாம். எனக்கு ஜவ்வைவிட அதுதான் கவலை. கடையில் வாங்கிய முட்டி உறையை (நீ கேப்) மாட்டினால் ஒரு தைரியம் வரும், அவ்வளவுதான், அந்த நழுவலை அது நிறுத்தாது.

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையா? இல்லை. ஓடித் திரும்பும் விளையாட்டு வேண்டாம் என்பவர்களில் பலர் தொடையின் முன், பின் தசைகளை வலுவாக்கி, ஒற்றைக்காலில் நிதானமாக நிற்கப் பழகியே சமாளித்துவிடுகிறார்கள். மறுபடி கபடி ஆட வேண்டும் என்பவருக்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான், அதற்கப்புறமும் 9 மாதமாவது பொறுக்க வேண்டும், ஆறாம் மாதம் டோர்னமென்ட் என்று கோச் கூப்பிட்டாலும் சரி.

மடக்கிய முட்டி நீட்டவே வராமல் பூட்டிக்கொண்டால் மட்டும் பயிற்சி, எண்ணெய் எதையும் முயலாமல் உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மெனிஸ்கஸ் துண்டு உள்ளே மாட்டியிருக்கலாம், தள்ளிப்போட்டால் தைத்துக் காப்பாற்றும் வாய்ப்பு குறைந்துவிடும்.