வழிசெலுத்தலுக்கு எவ்வளவு செலுத்த வேண்டும்?

மூடுல் என்ற இணையவழிப் பாடமென்பொருளில் ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சி ஒன்றில் தமிழ்க் கையேடு தந்தார்கள். வினாடிவினா அமைக்கும் பக்கத்தில் 'வழிசெலுத்தல் முறை: இலவசம்' என்று இருந்தது. பக்கத்து நாற்காலி டீச்சர் கேட்டார்: "அப்போ இன்னொரு முறைக்குப் பணம் கட்டணுமா சார்?"

அவர் மேல் என்ன தப்பு? வரி செலுத்துகிறோம், கட்டணம் செலுத்துகிறோம். கூடவே இலவசம் என்றும் போட்டால் வேறு எப்படிப் படிப்பார்?

'வழிசெலுத்தல்' என்று மொழிபெயர்க்கப்படும் நேவிகேஷன் லத்தீனிலிருந்து வந்த சொல். நாவிஸ் கப்பல், அகெரே ஓட்டுதல். புறநானூறு 66இல் வரும் 'நாவாய் ஓட்டி' கிட்டத்தட்ட அதேதான். கடலில் பிறந்த சொல் வானத்துக்குப் போய், அப்புறம் கணினித் திரைக்கு வந்தது. மாலுமி கப்பலைச் செலுத்துகிறார், சரி. திரையில் யார் எதைச் செலுத்துகிறார்கள்? வழியையா?

செல் தன்வினை, செலுத்து பிறவினை. பாடமென்பொருளில் இந்த வேறுபாடுதான் உயிர். மூடுல் வினாடிவினாவில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் மாணவர் முன்னும் பின்னும் போகலாம், பக்கங்களைத் தாண்டலாம். மற்றதில் வரிசையாகத்தான் போக முடியும். கடந்த பக்கத்துக்குத் திரும்ப முடியாது. இரண்டிலும் போகிறவர் மாணவர்தான். வெவ்வேறு பாடமென்பொருள்களிலும் ஓடும்படி இணையப் பாடங்களைக் கட்டுவதற்கான ஸ்கார்ம் 2004 என்ற தரத்தில் இது இன்னும் கூர்மை: பட்டியலில் எதை வேண்டுமானாலும் மாணவரே தொட்டுத் திறக்க விடலாம், அல்லது அடுத்தது எது என்பதை மென்பொருளே முடிவுசெய்து கொண்டுபோகலாம், பின்னால் போகும் கதவையும் சாத்தலாம். முதலாவது நகர்வு, இரண்டாவது நகர்த்தல். இவ்வளவு அழகாகப் பிரித்துச் சொல்லத் தமிழில் வசதி இருக்கும்போது, எல்லாவற்றையும் 'வழிசெலுத்தல்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவானேன்?

'வழிநடத்தல்' என்பார்கள் சிலர். அதுவும் பிறவினைதான், மாணவரைக் கைபிடித்து இழுத்துப்போகிறது. 'உலாவல்' இனிமையான சொல், ஆனால் உலாவி ஏற்கெனவே பிரவுசருக்குப் போய்விட்டது. தவிர, பின்னால் திரும்பவே கூடாது என்று பூட்டிய தேர்வில் என்ன உலா? 'வழிச்செலவு' என்றும் ஒரு நண்பர் சொன்னார். பழந்தமிழில் செலவு என்றால் பயணம், உண்மைதான். இன்றைக்கு எழுதினால் பயணப்படி பில் கேட்பார்கள். மறுபடியும் பணம்!

'நகர்வு' ரொம்பப் பொதுவான சொல் என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன். பொதுவாக இருந்தாலும் படித்தவுடன் புரிகிறது. ஆகவே நகர்வு முறை. ஆசிரியர் போடும் பூட்டுகளுக்கு நகர்வுக் கட்டுப்பாடு.

இதில் மொழிபெயர்ப்பாளரை மட்டும் திட்டவும் மனம் வரவில்லை. திரையைக் காட்டாமல் ஒற்றைச் சொற்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்தால், ஃப்ரீ என்றதும் கை தானாக 'இலவசம்' என்றுதான் எழுதும். 'விருப்பப்படி' என்று போட, அந்தப் பொத்தானை ஒருமுறையாவது அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கையேட்டின் அடுத்த வரியில் 'வரிசைப்படி' என்று வர வேண்டிய இடத்தில் 'தொடர்ச்சியான' என்று இருந்தது. டீச்சர் அதற்கும் கேட்டார்: "நடுவில எழுந்திரிக்கக் கூடாதா?"