டிஃபரன்ஷலுக்குள் பால் தேத்தண்ணி

கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் வண்டிப் பாகத்தை வாங்கிக் கையில் பிடித்தபடியே கராஜுக்கு வருகிறவர்கள் உண்டு. "பின்னுக்கு உறுமுது அண்ணன், இந்தப் பெயாரிங்கைப் போட்டுத் தாங்கோ." நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக எப்போது தண்ணீருக்குள் இறக்கினீர்கள்?

2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் ஓடிய ஜீப்புகள் சில, மாதக்கணக்கில் கழித்துத்தான் என்னிடம் வந்தன. எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை, தப்பிவிட்டோம் என்று சொந்தக்காரர்கள் இருந்துவிட்டார்கள். அச்சின் நடுவில் இரு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷல். அதன் மூடியைக் கழற்றினால் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வழிந்தது. பெயாரிங்கில் துருப்புள்ளி. மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதோடு விட்டால் அடுத்த வெள்ளத்தில் புதியதும் போய்விடும்.

ஓடிவந்த டிஃபரன்ஷல் சூடாக இருக்கும். தண்ணீரில் இறங்கியதும் அது சட்டென்று குளிர, உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்தக் குறையை வெளிக்காற்றால் நிரப்பத்தான் அச்சின் மேல் பிரீதர் வைத்திருக்கிறார்கள். சுண்டுவிரல் அளவு சாமான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது சேற்றில் அடைத்துக்கொண்டால் ஒயில் சீல் வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்படும். அடைக்காவிட்டாலும் அது தண்ணீருக்குள் மூழ்கினால் கதை அதேதான். ஒரு குழாயைப் பூட்டி எஞ்சின் பக்கம் உயரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். வெள்ளத்தில் ஓடிய வண்டியை ஓரிரவு அசையாமல் நிறுத்தி, காலையில் டிஃபரன்ஷலின் அடியில் ஒயில் வடிக்கும் மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும்.

இன்னொரு ஐயா, கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டுமென்று வேறோர் இடத்தில் சொன்ன மதிப்பீட்டோடு வந்தார். மழைக்குப் பிடிமானம் இருக்கட்டும் என்று கொழும்பு – காலி வீதியில், நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீலைப் போட்டிருக்கிறார். மழை விட்டு, ரோடு காய்ந்த பிறகும் அப்படியே ஓட்டியிருக்கிறார். ஃபோர் வீல் லீவர் திரும்பி வரவில்லை. திருப்பத்தில் முன்சக்கரம் ஓடும் தூரம் அதிகம், பின்சக்கரத்துக்குக் குறைவு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷல் இல்லாத வண்டியில் அந்த வித்தியாசம் முறுக்காக ஏறி, கியரை இறுக்கிப் பிடிக்கும். மண்ணில் சக்கரம் சறுக்கி முறுக்கைக் கழித்துவிடும், காய்ந்த தாரில் அது நடக்காது. ஒழுங்கைக்குள் நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தேன், லீவர் விழுந்தது. காசு வாங்கவும் கூச்சம், விடவும் மனமில்லை.

கிளம்பும்போது 'டக்', மெதுவாக ஓடும்போது கீச்சுச் சத்தம் என்றால் முதலில், அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் மூட்டான யூ ஜொயின்டைப் பார்ப்பேன். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு ஷாஃப்டைக் கையால் ஆட்டினாலே தெரிந்துவிடும்.

வேகம் எடுக்கும்போது ஸ்டியரிங் உதறினால் பலரும் அந்த உதறலை அடக்கும் டம்பரை மாற்றுகிறார்கள். ஆட்டம் நிற்கும், உண்மைதான். அச்சைப் பிடிக்கும் தேய்ந்த ரப்பர் புஷ்ஷும், முன்சக்கரம் திரும்பும் கிங்பின் பெயாரிங்கும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். வண்டியை ஜாக்கில் ஏற்றாமல் தரையிலேயே, ஹேன்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரை ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக ஆட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் குனிந்து முன் அச்சைப் பார்த்தால், எந்த புஷ் ஆடுகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.