சுவரின் படமும் சுவரின் நிறமும்

கணினியில் முப்பரிமாணமாக வடிக்கப்பட்ட வீடு, தொடக்கத்தில் சாம்பல் நிறக் களிமண்ணில் பிடித்து வைத்ததைப் போலத்தான் இருக்கும். சுவருக்கும் கதவுக்கும் வடிவம் வந்திருக்கும். எது செங்கல், எது மரம் என்று தெரியாது. அதைத் தெரியவைப்பது மேலே போர்த்தப்படும் படம். தொழிலில் இருப்பவர்கள் இதை டெக்ஸ்ச்சர் என்பார்கள். இவ்வாறு பரப்பின்மேல் படத்தைப் பொருத்தும் முறையை 1974-இல் யூட்டா பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் எட் கேட்மல் விவரித்தார். பிற்காலத்தில் பிக்சார் என்ற அனிமேஷன் பட நிறுவனத்தின் தலைவரானவர் இவரே.

படம் தட்டையானது, பொருளோ வளைவும் நெளிவும் உடையது. ஒரு சட்டையின் தையலைப் பிரித்து மேசைமேல் விரித்தால் முன்பக்கம், முதுகு, கை, காலர் எனத் தனித்தனித் துண்டுகள் கிடைக்கும் அல்லவா? அதேபோல மாதிரியின், அதாவது கணினியில் வடித்த உருவத்தின், பரப்பையும் சில இடங்களில் வெட்டித் தட்டையாக விரிக்கிறார்கள். விரித்த பரப்பின் ஒவ்வொரு முனைக்கும் யூ, வீ என்று இரண்டு எண்கள் தரப்படும்; இரண்டும் 0.5 என்றால் அந்த முனை படத்தின் நட்டநடுவில் உள்ள நிறத்தைப் பெறும். வெட்டிய இடத்தில் படம் சரியாகச் சேராமல் கோடு தெரிவதுண்டு. அதனால்தான், தையற்காரர் தையலை அக்குளுக்குக் கீழே மறைப்பதைப் போல, மனித உருவங்களில் வெட்டைக் காதுக்குப் பின்னாலோ தலைமுடிக்கு அடியிலோ கொண்டுபோய் வைக்கிறார்கள்.

இதுவரை சொன்னது பழகினால் கைவந்துவிடும். என் கணிப்பில், உண்மையான தலைவலி ஒளிப்படத்துக்குள்ளேயே இருக்கிறது. கேமரா பதிவு செய்வது சுவரில் பட்டுத் திரும்பி லென்சுக்கு வந்து சேர்ந்த ஒளியை; சுவரின் நிறம் அதில் ஒரு பங்கு மட்டுமே. காலை வெயில் இடப்பக்கத்திலிருந்து சாய்வாக விழும்போது ஒரு செங்கல் சுவரைப் படமெடுத்தால், துருத்திய ஒவ்வொரு கல்லின் வலப்பக்கத்திலும் மெல்லிய நிழல் விழுந்திருக்கும். அந்தப் படத்தை மாதிரியின்மேல் ஏற்றி, கணினிக்குள் சூரியனை வலப்பக்கம் வைத்தால், கற்களின் நிழல் சூரியனை நோக்கியே விழுந்திருக்கும். பார்ப்பவர் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று உணர்ந்துவிடுவார்.

ஆகவே மேகமூட்டமான நாளில், ஒளி எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வரும்போது படமெடுப்பது வழக்கம். பளபளப்பு இன்னொரு தொல்லை. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகட்டைப் போலரைசர் என்பார்கள். ஃபிளாஷ் விளக்கின் முன் ஒரு போலரைசர் தகட்டையும், லென்சின் முன் அதற்குச் செங்குத்தாகத் திருப்பிய இன்னொரு தகட்டையும் வைத்தால் இது அடங்கும். மேற்பரப்பில் பட்டு நேரே தெறிக்கும் ஒளி, தன் அதிர்வுத் தளம் மாறாமல் வருவதால் இரண்டாம் தகட்டில் தடைபடும். பொருளுக்குள் சற்றே புகுந்து சிதறி, அதன் நிறத்தை ஏற்று வெளிவரும் ஒளியின் தளம் கலைந்திருப்பதால் அதில் ஒரு பகுதி தப்பிவரும். இப்படி எடுத்த படம் கண்ணுக்குச் சோகையாகத் தெரியும். ஆனால் ஒளியைக் கணினி பின்னர் தானே சேர்த்துக்கொள்ளும் என்பதால், அந்தச் சோகைதான் நமக்கு வேண்டியது.

ஒளி மாறாத காட்சிக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. கணினி வரைகலை ஆய்வாளர் பால் டெபிவெக் 1997-இல் செய்த குறும்படத்தில், பெர்க்கலி பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டு கோபுரத்தின் எளிய மாதிரிமேல் ஒளிப்படங்களைப் புரொஜெக்டர் போல வீழ்த்தினார். படங்களில் இருந்த வெயிலே காட்சியின் வெயிலாகவும் நின்றது.

நீண்ட சுவருக்கு ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அடுக்குவார்கள். படத்தைப் பாதியளவு நகர்த்தி, வெளியே போன பாதியை மறுபக்கம் கொண்டுவந்து சேர்த்தால் விளிம்புகள் நடுவில் வந்து சந்திக்கும். அங்கே தெரியும் இணைப்புக் கோட்டை அழித்துச் சீராக்கினால் போதும். ஆனால் படத்தில் ஒரேயொரு கரும்பாசித் திட்டு இருந்தாலும், சுவர் நெடுக அது வரிசையாக நின்று குட்டை உடைத்துவிடும்.

அதே சுவர் தொலைவுக்குப் போனால், திரையின் ஒரு பிக்சலுக்குள் படத்தின் நூற்றுக்கணக்கான பிக்சல்கள் அடங்கும். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்தால், கேமரா நகர நகரச் சுவர் மினுமினுக்கும். இதற்கு லான்ஸ் வில்லியம்ஸ் 1983-இல் தந்த தீர்வு மிப்மேப். 1024 பிக்சல் அகலப் படத்தோடு 512, 256 என்று 1 வரை பாதிபாதியாகச் சுருக்கிய பிரதிகளையும் சேர்த்து வைத்து, தொலைவுக்கு ஏற்றதை எடுப்பதுதான் அது. அத்தனை பிரதிகளுக்கும் சேர்த்துக் கூடுதலாகப் பிடிக்கும் நினைவகம் மூலப்படத்தின் மூன்றில் ஒரு பங்குதான்.

நிழலை நீக்கிய படத்தில் கல்லின் மேடுபள்ளமும் கூடவே போய்விடுகிறது. அதை மீட்க, ஜிம் பிளின் 1978-இல் காட்டிய வழியில், ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பதாகக் கொள்ள வேண்டும் என்பதை இன்னொரு படத்தில் எழுதி வைக்கிறார்கள். ஒளிக் கணக்கு அந்தச் சாய்வை நம்பி நிழலிடுகிறது. வடிவம் இம்மியும் மாறுவதில்லை. எதிரே நின்று பார்த்தால் கரடுமுரடான செங்கல்லாகத் தெரியும் சுவர், அதன் மூலையில் வானத்துக்கு எதிரே பார்க்கும்போது அடிக்கோல் வைத்து வரைந்த நேர்கோடாகவே நிற்கும். கேமரா அந்த மூலைக்கு அருகே போகும் காட்சி என்றால், கற்களை உண்மையாகவே துருத்திக்கொண்டு நிற்கும்படி வடிக்க வேண்டியதுதான்.